சால் ஏறும் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் பஸ் ஏறிக் கொடைக்கானலில் இறங்குகிறீர்கள். கிட்டத்தட்ட 2,000 மீட்டர் மேலே வந்தாயிற்று. உங்கள் எடை 60 கிலோ என்றால், அந்த உயரத்துக்கு உங்களைத் தூக்க மட்டும் எவ்வளவு ஆற்றல்? 60-ஐ, பூமியின் ஈர்ப்பைக் குறிக்கும் 9.8-ஆல் பெருக்கி, உயரத்தாலும் பெருக்குங்கள். 11 லட்சத்து 76 ஆயிரம் ஜூல். கரண்ட் பில் கணக்கில் இது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குதான். வீட்டு மின்விசிறி நாலு மணி நேரத்தில் தின்றுவிடும். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். எத்தனை வருடம் கேட்டும் எனக்கு அது சலிக்கவில்லை.

கொடைக்கானல் வரை இந்தக் கணக்கு சரி. பிள்ளைகள் இதையே செயற்கைக்கோளுக்கும் போட்டுவிடுகிறார்கள். 9.8 என்பது தரைக்கு உரிய எண். மேலே போகப் போகக் குறையும்.

சின்ன வயதில் மேலூர்ப் பக்கம் தாத்தா கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைப்பதைப் பார்த்திருக்கிறேன். மாடுகள் சரிவில் இறங்க, வடம் விறைக்க, தண்ணீர் அள்ளும் சால் தளும்பித் தளும்பி மேலே வரும். பூமியின் ஈர்ப்பையும் அப்படி ஒரு கிணறாக நினைத்துக்கொள்ளுங்கள். நாம் கிடப்பது ஆழத்தில். கிணற்றின் விளிம்பு எல்லையற்ற தொலைவில். அங்கே நிலை ஆற்றல், அதாவது இருக்கும் உயரத்தால் வரும் ஆற்றல், பூஜ்யம். அதற்குக் கீழே இருப்பதால்தான் நம் கணக்கில் கழித்தல் குறி வருகிறது. தாத்தா கிணற்றில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: சால் ஏற ஏற, அதன் எடையே குறைந்துகொண்டு வரும்.

ஒரு கிலோவைத் தரையிலிருந்து விளிம்புவரை ஏற்ற சுமார் ஆறேகால் கோடி ஜூல் வேண்டும். இனி தூரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள், பூமியின் மையத்திலிருந்து அளங்கள். மையத்திலிருந்து தரைக்கே 6,371 கிலோமீட்டர். இன்னொரு 6,371 ஏறினால் தூரம் இரட்டிப்பாகிறது, ஆறேகால் கோடியில் பாதி தீர்ந்துவிடுகிறது. டிவி செயற்கைக்கோள்கள் நிற்கும் 36,000 கிலோமீட்டரில் 85 சதவீதம் முடிந்துவிடும். மிச்சப் பயணம் முழுவதற்கும் 15 சதவீதம் போதும்! (சுற்றிவரும் வேகத்துக்கான ஆற்றல் தனி, அதை இதில் சேர்க்கவில்லை.)

இப்போது அந்த 36,000 கிலோமீட்டருக்குப் பழைய பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 35 கோடி ஜூல் வரும். கிணற்றின் மொத்த ஆழமே ஆறேகால் கோடிதானே? பரீட்சையில் ஒரு கிலோவுக்கான விடை அதைத் தாண்டினால், கண்ணுகளா, அடித்துவிட்டு மையத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.