பாட்டைக் கேட்கப் படகேறி வந்தவர்

நடுவர் அவர்களுக்கு வணக்கம், அவைக்கு வணக்கம். எதிரணிக்கும் ஒரு வணக்கம். இன்று அவர்களுக்குக் கிடைக்கப்போவது அது மட்டும்தான்.

ரஷ்யாவின் கரேலியாவில் இருக்கிற மெத்வெஜியெகோர்ஸ்க் மாவட்டத்துக்குப் பெருமை கட்டிடமா, மக்களின் நினைவா? நினைவுதான் என்பது எங்கள் அணி. கட்டிடம் என்கிற எதிரணிச் சகோதரி அங்குள்ள கிஷி தீவின் மரத் தேவாலயத்தைக் காட்டினார். 1714இல் கட்டியது, 22 குவிமாடம், 37 மீட்டர் உயரம், 1990இல் யுனெஸ்கோ பட்டியல். எல்லாம் சரி. அதோடு விட்டாரா? "கிழவர்கள் பாடிய பழங்கதைப் பாட்டைக் கேட்க எவராவது படகேறி வருவாரா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார்.

வந்தாரம்மா, வந்தார்! 1860. பாவெல் ரிப்னிகோவ். அரசாங்கம் தண்டனையாக ஊர்கடத்தி, கரேலியாவின் பெத்ரோசவோத்ஸ்க் நகரில் உட்கார வைத்த ஆள். புள்ளிவிவரம் எடுக்க ஒனேகா ஏரியில் படகில் போகிறார். காற்று விடவில்லை, ஒரு தீவில் ஒதுங்குகிறார். குடிசைக்குள் கூட்டம். வெளியே நெருப்போரம் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு, ஒரு மூட்டை மேல் சாய்கிறார். பாவம், அசதி. தூங்கிவிட்டார்.

எழுப்பியது யார்? தேவாலய மணியா? லியோந்தி பொக்தானோவ் என்ற கிழவர்! சத்கோ என்ற வணிகன் கதையை விவசாயிகளுக்குப் பாடிக்கொண்டிருக்கிறார். கணக்கெடுக்க வந்தவர் கணக்கை மறந்தார். மூட்டையை விட்டு எழுந்தார். நடுவர் அவர்களே, மூட்டையை விட்டு எழுந்தார்! "ஐயா, இன்னொரு தடவை பாடுங்கள்" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

அந்தக் கிழவர்தான் அவரை த்ரோஃபிம் ரியாபினினிடம் அனுப்பினார். கிஷிப் பக்கத்துப் பாடகர், எழுத்து தெரியாத விவசாயி. மீன்வலை பின்னிக்கொண்டே பாட்டுகளைக் கற்றவர். 1871இல் கில்ஃபெர்திங் என்ற அறிஞர் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து இவரைக் கேட்க வந்தார். மாடத்தை எண்ண வரவில்லை, சகோதரி!

அப்புறம், உங்கள் தேவாலயம் உளுத்தபோது ஜாக்கி வைத்துத் தூக்கி, 2020 வரை பழுதுபார்த்தார்களே, மரம் தானாகவா போய்ப் பொருந்தியது? தச்சன் கைக்குத் தொழில் மறக்கவில்லை ஐயா!

மணி அடிக்காதீர்கள், ஒரே நிமிடம். அதே மாவட்டத்தில் சந்தர்மோக் என்று ஒரு காடு. 1937, 38இல் ஸ்டாலின் ஆட்சி ஆயிரக்கணக்கானவர்களைச் சுட்டுப் புதைத்த இடம். 1997இல்தான் கண்டுபிடித்தார்கள். இன்று அந்தப் பைன் மரங்களில் ஆள் முகங்கள், கொல்லப்பட்டவர்களின் புகைப்படங்கள். அப்பாவைக் கூட்டிப்போன அன்று கைக்குழந்தையாக இருந்தவள் கிழவியாகி வந்து அந்த மரத்தைத் தடவுகிறாள் என்றால், அவளிடம் போய் எத்தனை மாடம், எத்தனை மீட்டர் என்று பேச எனக்கு வாய் வரவில்லை. எதிரணிக்கு வந்தால் பேசட்டும்.

நன்றி, வணக்கம்.