செர்ரி பிக்கிங்னா என்னங்க?

வணக்கம் மக்களே! செர்ரிப் பழத்தை மாங்கா மாதிரி காயாப் பறிச்சு வைக்கோல்ல போட்டுப் பழுக்க வைக்க முடியாதுங்க. பறிச்சா பறிச்சதுதான். அதனால மரத்தடியில நின்னு, நல்லா செவந்ததாப் பார்த்து, காம்போட கிள்ளி எடுப்பாங்க. செங்காயெல்லாம் கிளையிலயே நிக்கும். இப்ப கூடையை மட்டும் பாக்குறவருக்கு என்ன தோணும்? மரமே இப்படித்தான் பழுத்துத் தொங்குதுன்னு தோணும். இங்கிலீஷ்ல செர்ரி பிக்கிங்னு சொல்லித் திட்டுறது இந்த வேலையைத்தான்.

திட்டாத இடமும் உண்டு. ஒரு கம்பெனி நல்ல ஆளுங்களா செர்ரி பிக் பண்ணுச்சுன்னா குத்தமில்லை. புரோகிராம் எழுதுறவங்க கோடுல பண்ற மாத்தங்களைப் பதிஞ்சு வைக்கிற கிட் (Git) சாஃப்ட்வேரை யூஸ் பண்றவங்களுக்குத் தெரியும், ஒரே ஒரு கமிட்டை (பதிஞ்ச மாத்தத்தை) எடுத்து நம்ம பிராஞ்ச்ல (நாம வேலை பாக்குற கிளையில) சேக்குற கமாண்டுக்கும் இதே பேருதான். ஆனா 'யூ ஆர் செர்ரி பிக்கிங் த டேட்டா'ன்னு ஒருத்தர் சொன்னா, உனக்குச் சாதகமானதை மட்டும் காட்டிட்டு மிச்சத்தை நீ மறைக்கிறேன்னு நேருக்கு நேர் சொல்றார்னு அர்த்தம்.

எனக்கு இது நல்லா உறைச்சது ஒரு கிராஃப்ல. பூமி சூடாகுறது 1998-லயே நின்னு போச்சுன்னு ரொம்ப நாள் ஒரு பேச்சு ஓடுச்சு. 1998-ல இருந்து 2012 வரைக்கும் கோடு போட்டா, 10 வருஷத்துக்கு 0.05 டிகிரிதான் ஏறுது. பாக்க தட்டையாத்தான் இருக்கும். அந்த நம்பர் பொய்யும் இல்லை. ஆனா ஏன் 1998? பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகுற எல் நினோ அப்ப பலமா வந்து, அந்த வருஷம் மட்டும் வெப்பம் எகிறி நின்னுச்சு. உச்சியில இருந்து அளந்தா ஏத்தம் எப்படித் தெரியும்? ரெண்டே வருஷம் முன்னாடி தள்ளி, 1996-ல ஆரம்பிச்சு அதே மாதிரி 15 வருஷத்தைப் பாருங்க, 10 வருஷத்துக்கு 0.14 டிகிரி வருது. கிட்டத்தட்ட மூணு மடங்கு! ரெண்டு கணக்கும் ஐ.நா.வோட பருவநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2013 அறிக்கையிலேயே இருக்கு. 2016, 2023, 2024 எல்லாம் 1998-ஐத் தாண்டி எங்கயோ போயிருச்சு.

அதனால யாரையாவது செர்ரி பிக்கிங்னு சொல்லணும்னா, விட்டுப்போனது எதுன்னு கையில வச்சுக்கிட்டுச் சொல்லுங்க. 'சார், 1996-ல இருந்து போட்டுக் காட்டுங்க'ன்னு கேட்டாலே போதும்.