கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பைப் பார்த்ததும், இரண்டு கூட்டங்களின் அழைப்பிதழைத் தவறிப்போய் ஒன்றாக அச்சடித்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டேன். வரலாற்றுக் காதல் கதைகள், நோய்ப்பட்டவர்கள் எழுதிய சொந்தக் கதைகள். இரண்டிலும் வாசகர் எதை மதிக்கிறார்? ஒன்றில் குதிரையும் கோட்டையும். மற்றதில் ஊசியும் ஸ்கேனும். எந்த நூலகத்திலும் இவை ஒரே அடுக்கில் நிற்பதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு கட்டிலைச் சுற்றி இரண்டும் சேர்ந்தே கிடந்தன. அங்கிருந்து தொடங்குகிறேன்.

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோதெரபி நடந்த மாதங்களில் கூட இருந்தவள் நான். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, நோயிலிருந்து மீண்டவர்கள் எழுதிய நாலைந்து புத்தகங்களை வாங்கிக்கொண்டு போனேன். அட்டையைப் பார்த்தாள். அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். "ஏன்டி, நான் படுற பாடு போதாதா? ராஜா ராணிக் கதை ஏதாவது கொண்டா. கடைசியில ரெண்டு பேரும் சேரணும், அதை மட்டும் பாத்துக்கோ."

கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய கையோடு கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். சேர்கிறார்கள் என்று உறுதியான பிறகுதான் முதல் பக்கத்துக்கு வந்தாள்.

துப்பறியும் கதைகளிலேயே வளர்ந்த எனக்கு இது மகா பாவம். சண்டைகூடப் போட்டேன். பிறகுதான் உறைத்தது: ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று தெரியாத முடிவுகள் வாரத்துக்கொன்று அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தன. காசு கொடுத்து இன்னொன்றை எதற்கு வாங்க வேண்டும்?

யோசித்துப் பாருங்கள், நாமும் அப்படித்தான். ராஜராஜன் 985-இல் பட்டத்துக்கு வந்தான் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. தெரிந்தும், அவன் இளவரசனாகத் திரிந்த நாட்களின் கதையை அடுத்த வாரம் என்ன ஆகுமோ என்று நகம் கடித்துப் படித்த பரம்பரை நாம். முடிவு கையில் இருக்கும்போது வாசிப்பு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஓடுவதை நிறுத்திவிட்டு, சுற்றுமுற்றும் பார்க்கத் தொடங்குகிறோம்.

அப்படிப் பார்க்கும் வாசகரிடம் எழுத்தாளர் அகப்பட்டுக்கொள்ளும் இடமும் அதுதான். காதல் கதை வாசகர்கள் எதைக் கொடுத்தாலும் விழுங்குவார்கள் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. சுத்தத் தவறு. நாயகனின் கண்கள் நள்ளிரவுக் கடல்போல் இருந்தன என்று எழுதுங்கள், சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். 1810-இல் நடக்கும் இங்கிலாந்துக் கதையில் அதே நாயகன் தீக்குச்சியை உரசி மெழுகுவத்தி ஏற்றட்டும், புத்தகத்தை மூடிவிடுவார்கள். உரசினால் பற்றும் தீக்குச்சியை ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் விற்கத் தொடங்கியது 1827-இல். அதற்கு முன் பெரும்பாலும் சிக்கிமுக்கிக் கல்லும் எஃகும்தான். இருட்டில், குளிரில், கை நடுங்க, பொறி பஞ்சில் பிடிக்கிற வரைக்கும் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். எதிரே அவள் நிற்கிறாள், முகம் தெரியவில்லை. எழுத்தாளருக்கு இதைவிட நல்ல இடம் வாய்க்குமா? தீக்குச்சியை எடுத்தவர் தவறு செய்ததோடு நிற்கவில்லை, ஒரு காட்சியையும் தொலைத்துவிட்டார்.

கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1840-இல் தபால்தலை வரும்வரை அந்த நாட்டில் பெரும்பாலும் கடிதத்துக்குக் காசு கொடுத்தவர் அதைப் பெற்றுக்கொள்பவர்தான். தூரத்துக்கு ஏற்பக் கட்டணம், தாளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு. அதனால் ஒரே தாளை நிரப்பி, அதைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடியும் எழுதுவார்கள். பார்த்தால் வலை மாதிரி இருக்கும். இப்போது ஒருத்தியை வாசலில் நிறுத்துங்கள். தபால்காரர் நிற்கிறார். அவனுடைய கடிதம். கையில் இருக்கும் சில்லறையை எண்ணுகிறாள். கொடுக்காவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். வாங்கிய பின்னும் குறுக்கு வரிகளுக்கு நடுவே "உன்னை" என்ற சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும். இந்த இடத்தில் வாசகருக்கு வருணனை தேவைப்படுவதில்லை.

கல்யாணத்துக்கு அவள் ஏன் இவ்வளவு தயங்குகிறாள் என்பதற்கும் அந்தக் காலமே பதில் வைத்திருக்கிறது. மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று 1882-இல் இங்கிலாந்தில் சட்டம் வரும்வரை மனைவி கொண்டுவந்த சொத்தில் பெரும்பகுதி கணவன் கைக்குப் போய்விடும். ஆளைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் மனம் மட்டுமா உடையும்?

இனி ஒரு பெண்மணி. மேலே சொன்ன இரண்டு அடுக்கிலும் உரிமையோடு நிற்கக்கூடியவர். ஃபேனி பர்னி, கல்யாணத்தில் முடியும் நாவல்களால் புகழ் பெற்ற ஆங்கில எழுத்தாளர். சொந்த வாழ்க்கையே ஒரு காதல் கதை: 41 வயதில், கையில் காசில்லாத பிரெஞ்சு அகதி அதிகாரி ஒருவரை மணந்தார். அப்பாவுக்கு அதில் மனமில்லை. பிறகு பாரிஸில் குடியிருந்தபோது வலது மார்பில் கட்டி. 1811 செப்டம்பர் 30, அறுவை. அப்போது வயது 59.

அறுவைக்கு மயக்க மருந்து தரலாம் என்று பலர் முன்னிலையில் ஈதரை வைத்துச் செய்துகாட்டியது 1846-இல்தான். இவருக்குக் கிடைத்தது கொஞ்சம் ஒயின் கலந்த பானம். கத்தி பிடித்தவர் நெப்போலியனின் படை மருத்துவரான லாரே. கணவர் பார்த்துத் தாங்கமாட்டார் என்று, அன்றைக்கு அவர் வேலையாக வெளியே இருக்கும்படி இவரே ஏற்பாடு செய்துவிட்டார். கட்டிலில் ஏறிப் படுத்ததும் முகத்தின்மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போடுகிறார்கள். அது கண்ணை மறைக்கவில்லை. கட்டிலைச் சுற்றி ஏழு ஆண்கள் நிற்பது தெரிந்தது, பளபளத்த எஃகு தெரிந்தது என்று எழுதுகிறார்.

இங்கிலாந்திலிருந்த அக்கா எஸ்தருக்கு எழுதிய கடிதம் அது. மாதக்கணக்கில் அதைப் பற்றிப் பேசக்கூட முடியவில்லை. எழுதி முடித்த பிறகு திருப்பிப் படிக்கத் துணியவில்லை என்கிறார். 1840 வரை, 87 வயது வரை வாழ்ந்தார்.

இருநூறு ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்துவது கைக்குட்டைதான். அலறலை யாரும் ஊகித்துவிடலாம். கைக்குட்டை வழியாகப் பார்க்க முடிந்தது என்பதை, கட்டிலில் கிடந்தவரைத் தவிர வேறு யாராலும் சொல்லியிருக்க முடியாது.

நம்மிடம் வருகிறேன், கொஞ்சம் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. தலைவலியைச் சொல்ல ஆங்கிலத்தில் சொல் போதவில்லை என்று ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் 1926-இல் அங்கலாய்த்தார். வலியை அளக்க விரும்பிய உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975-இல் 78 சொற்களை 20 தொகுதிகளாக்கி நோயாளிகளிடம் நீட்டினார். நமக்கு இந்தச் சிரமமே இல்லை. குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, உளைகிறது, பிசைகிறது, இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, சுரீர் என்கிறது. ஒவ்வொன்றும் வேறு வலி, சொன்னதும் புரிந்துவிடும். ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்ட மருத்துவரிடம் அக்கா, "நம்பரெல்லாம் தெரியாது டாக்டர், குடையுது" என்றாள். இத்தனை இருந்தும் நம் நோய்க் கதைகள் பலவற்றில் "சொல்லொணா வேதனை" என்று ஒரே வரியில் கடையைக் கட்டிவிடுகிறோம். சொல்லொணாது என்றால் புத்தகம் எதற்கு?

இன்னொன்று, அட்டையில் போடும் "போராளி". அக்காவைப் பார்க்க வந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் போன பிறகு என்னிடம் கேட்டாள்: "நான் எங்கடி போராடினேன்? அவங்க மருந்து ஏத்தினாங்க, நான் படுத்துக் கிடந்தேன்." படுத்துக் கிடந்ததை எழுதியவர்களைத்தான் வாசகர் நம்புகிறார். எந்த மூலிகையில் குணமானேன் என்று இருநூறாம் பக்கத்தில் விற்பனைக்கு இறங்குகிறவர், 1810-இல் தீக்குச்சி உரசியவரைவிட மோசம். அங்கே காட்சிதான் கெட்டது, இங்கே உயிர் போகும்.

சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து ஒரு நாள் போனபோது, கட்டிலுக்கடியில் தள்ளிய புத்தகங்களில் ஒன்று தலையணைமேல் இருந்தது. உள்ளே பென்சில் கோடு. எழுதியவரின் துணிச்சலைச் சொல்லும் பக்கங்களில் ஒரு கோடுகூட இல்லை. மருந்து ஏற்றிய நாட்களில் தண்ணீர் குடித்தால் இரும்பு வாடை அடித்தது என்ற வரிக்குக் கீழே மட்டும் அழுத்தி ஒன்று, பக்கத்தில் அக்காவின் கோழிக்கிறுக்கல்: "எனக்கு இரும்பு இல்லை. செப்புக் காசு."

"கடைசிப் பக்கத்தைப் பாத்துட்டுத்தானே ஆரம்பிச்சே?" என்று கேட்டேன்.

"இதுல எதுக்கு? அவதானே உக்காந்து எழுதியிருக்கா" என்றாள்.