பறித்த பிறகும் ஓயாத காளான்

எல்லோருக்கும் வணக்கம்.

பறித்து ஓரிரு நாள் ஆன, மரத்தில் வளரும் ஷீடேக் என்ற உணவுக் காளான் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பறிக்கும்போது உள்பக்கம் சுருண்டிருந்த குடையின் விளிம்பு இப்போது விரிந்திருக்கும். அடியில் வெள்ளை வெளேர் என்றிருந்த மடிப்புகள் பழுப்பேறத் தொடங்கியிருக்கும். வாடிவிட்டது என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் உள்ளே நொதிகள் இன்னும் மும்முரமாக வேலை செய்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

காளானுக்கு வாய் கிடையாது. நொதிகளை வெளியே கசியவிட்டு, மரத்தை அங்கேயே செரித்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. மரத்துக்குள் பூசண இழை பரவும் காலத்தில் லேக்கேஸ் என்ற நொதி மிகுந்திருக்கும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னினை உடைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. குடை அரும்பும் நேரத்தில் லேக்கேஸ் சரிகிறது, செல்லுலோஸை உடைக்கும் நொதிகள் எழுகின்றன. எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்பதில் அப்படி ஓர் ஒழுங்கு!

ஒரே வித்திலிருந்து வந்த இழை தனியாகக் குடை விடுவது அரிது. ஏ, பி என்ற இரண்டு மரபணுப் பகுதிகளிலும் தன்னிலிருந்து வேறுபட்ட துணை இழையோடு அது சேர வேண்டும். சேர்ந்த பிறகு ஒவ்வொரு செல்லிலும் இரண்டு உட்கருக்கள், ஒன்றாகக் கலக்காமல், பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. அப்புறம் குளிர்ச்சியும் வெளிச்சமும் நல்ல காற்றும் கிடைத்தால் அரும்பு கட்டும்.

சரி, அரும்பு எப்படிப் பெரிதாகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. காளான் செல்லைச் சுற்றிக் கைட்டின், குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் பின்னிய உறுதியான சுவர் இருக்கிறது. உள்ளிருக்கும் நீரின் அழுத்தம் வெளியே தள்ளுகிறது. சுவர் இளகாவிட்டால் செல் நீளாது. ஒரேயடியாக இளகினால் வெடித்துவிடும். அதனால் இந்தச் சங்கிலிகளை வெட்டும் கைட்டினேஸ், குளுக்கனேஸ் என்ற நொதிகள் ஒரு பக்கம் தையலைப் பிரிக்க, கைட்டினை உருவாக்கும் கைட்டின் சிந்தேஸ் அதே நேரத்தில் புது இழை கோக்கிறது. காம்பு சரசரவென உயர்வது பெரும்பாலும் இப்படித்தான்: செல்களின் எண்ணிக்கை கூடுவதைவிட, இருக்கும் செல்கள் நீள்வதால்.

அந்தச் சுவரிலிருக்கும் குளுக்கான் ஒன்றுக்குத்தான் லென்டினான் என்று பெயர். 1969இல் அதைப் பிரித்தெடுத்து, எலிகளில் கட்டியின் வளர்ச்சியைத் தடுப்பதாக வெளியிட்டார்கள். 1985இல் ஜப்பானில், இரைப்பைப் புற்றுநோய்க்குக் கீமோதெரபியோடு சேர்த்துத் தரும் ஊசி மருந்தாக அனுமதி கிடைத்தது. சுத்தம் செய்த ஊசி மருந்துக்குக் கிடைத்த அனுமதி அது. காளான் சாப்பிட்டால் புற்றுநோய் போய்விடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள், சிகிச்சையை விட்டுவிடாதீர்கள்.

இப்போது கையிலிருக்கும் காளானுக்குத் திரும்புவோம். பறித்த பிறகு அதில் டிஎல்ஜி1 என்ற மரபணு விழித்துக்கொள்கிறது. அது உண்டாக்கும் குளுக்கனேஸ், வேறு சில குளுக்கனேஸ்களோடு சேர்ந்து லென்டினானை வெட்டுகிறது. சுவர் தளர்கிறது, காளான் மெத்துப்போகிறது, மருந்தென்று நாம் தேடும் பொருளும் குறைகிறது. குளிரில் வைத்தால் இந்த வேலை மெதுவாகும். ஆகவே லென்டினான் அளவை வெளியிடுபவர்களிடம் நான் விடாமல் கேட்பது ஒன்றுதான்: பறித்து எத்தனை மணி நேரம் கழித்து அளந்தீர்கள், அதுவரை எந்த வெப்பநிலையில் வைத்திருந்தீர்கள்?