புல்லட்டில் ஆயில் ஒழுகுகிறதா? பேக்கிங்கை மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

வணக்கம். இன்றைய காணொளியில் பயணம் எதுவும் இல்லை. நேற்றிரவு வண்டிக்கு அடியில் விரித்து வைத்த செய்தித்தாளைத்தான் கேமரா இப்போது காட்டிக்கொண்டிருக்கிறது. ‘மணமகள் தேவை’ பத்திகளின் மேல் ஐந்து ரூபாய் நாணய அளவில் ஒரு கறையும், ஒரு சாண் தள்ளிச் சிறியதாக இன்னொரு கறையும் தெரிகின்றன. பெரியது எஞ்சின் ஆயில். சிறியதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வண்டி, 1976-ஆம் ஆண்டில் திருவொற்றியூர் ஆலையில் தயாரான 350 சிசி புல்லட். வார்ப்பிரும்பு சிலிண்டர், வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துடன் கைகோத்துச் சென்னையில் இந்த வண்டியைக் கட்டத் தொடங்கியது. அப்போது வந்த எஞ்சின் அமைப்புதான், சிறு மாற்றங்களுடன், இதிலும் இருக்கிறது. “புல்லட் என்றால் ஒழுகத்தான் செய்யும் சார், ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம்” என்று பட்டறைகளில் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் பல ஆண்டுகள் சேர்ந்து சிரித்தவன்தான். இப்போது சிரிப்பதில்லை.

காரணம், மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே ஒழுகலுக்காக வண்டியை ஒரு பட்டறையில் விட்டேன். அங்கே எஞ்சினில் இணைப்பு என்று கண்ணில் பட்ட இடமெல்லாம் சிலிகான் பசையைப் பிதுக்கி அப்பிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் ஒழுகல் நின்றது. மறுபடி தொடங்கியதும் எஞ்சினின் வலப்பக்க மூடியான டைமிங் கவரை நானே திறந்தேன். உட்புறமாகப் பிதுங்கிக் காய்ந்த பசை, மண்புழு நீளத்துக்கு, ஆயில் பம்புக்குப் போகும் துளையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது அறுந்து துளைக்குள் போயிருந்தால் பிஸ்டன் தண்டின் அடிமுனையில் உள்ள பிக் எண்ட் பேரிங்குக்கு ஆயில் போகாமல் எஞ்சினே பிடித்துப்போயிருக்கும். ஒழுகும் வண்டியை விட, பசை தின்ற வண்டிதான் எனக்குப் பயம்.

சரி, வேலைக்கு வருவோம். ஆயில் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் கசிகிறது என்று நினைக்க வேண்டாம். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளும், நிற்கும்போது அது கீழ்நோக்கி இறங்கும். ஆகவே ஈரம் தொடங்கும் இடங்களில் எது மிக மேலேயும் முன்னேயும் இருக்கிறதோ, அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். காலையில் எஞ்சின் முழுவதையும் மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவித் துணியால் துடைத்துக் காயவிட்டேன். பிறகு வலப்பக்கம் முழுவதும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தேன். இதோ, அருகில் காட்டுகிறேன். எஞ்சினின் மேலே வால்வுகளை அமுக்கும் ராக்கர்கள் இருக்கும் பெட்டிகளுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாய்களின் பாஞ்சோ போல்ட்டுகளை (நடுவில் ஆயில் போகத் துளையுள்ள போல்ட்டுகள்) சுற்றிப் பவுடர் வெள்ளையாகவே இருக்கிறது. சற்றுக் கீழே, சிலிண்டரின் அடியில் ஒற்றை நட்டில் நிற்கும் இந்த டேப்பெட் கவரின் கீழ் விளிம்பில் மட்டும் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு விழுந்து, எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸ் வழியாக அடிவரை இறங்கியிருக்கிறது.

வழக்கமாக இங்கேதான் கவரைக் கழற்றி, இணைப்பின் இடுக்கை அடைக்கும் பேக்கிங்கைப் புதிதாகப் போட்டு நட்டை இறுக்குவார்கள். நானே இரண்டு முறை அப்படிச் செய்தேன். இரண்டு முறையும் மூன்று வாரத்தில் கோடு திரும்ப வந்தது. பேக்கிங் தோற்றுப்போவதற்கு உள்ளே ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எனக்குப் புரியத்தான் இவ்வளவு காலம் பிடித்தது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். இந்த எஞ்சினின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மில்லிமீட்டர். பிஸ்டன் ஒருமுறை கீழே இறங்கும்போது 346 கன சென்டிமீட்டர் காற்றைக் கிராங்க் கேஸுக்குள் அழுத்துகிறது. நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றில் ஓடும் எஞ்சினில் இது ஒரு நொடிக்கு ஐம்பது முறை நடக்கிறது. ஒற்றை சிலிண்டர் என்பதால், ஒரு பிஸ்டன் இறங்கும்போது இன்னொன்று ஏறி இடம் கொடுக்கும் வசதியும் கிடையாது. அந்தக் காற்று வெளியேறுவதற்குத்தான் பிரீதர் குழாய் இருக்கிறது. அதில் உள்ள ஒருவழி வால்வு காற்றை வெளியே விட்டு, உள்ளே வரவிடாமல் தடுப்பதால், நல்ல நிலையில் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் லேசான வெற்றிடமே இருக்கும். அந்த வெற்றிடம் ஆயிலை உட்பக்கமாகவே இழுத்து வைத்திருக்கும். வால்வு அடைத்துக்கொண்டால் எல்லாம் தலைகீழாகி, காற்று எந்த இணைப்பு பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்.

என் வண்டியில் இருந்த வால்வு இதுதான். வாத்தின் அலகைப் போல இரண்டு உதடுகள் கொண்ட ரப்பர் துண்டு. கடையில் ‘டக்பில்’ என்று கேட்டால் தருவார்கள். விரலால் அமுக்கிக் காட்டுகிறேன், பாருங்கள்: ரப்பர் என்ற பெயரில் மரக்கட்டையாக இருக்கிறது. சூட்டில் இறுகிய உதடுகள் காய்ந்த ஆயிலால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒரு பக்கம் வாய்வைத்து ஊதினால் காற்று தாராளமாகப் போக வேண்டும், அதே பக்கம் உறிஞ்சினால் வரக்கூடாது. இதில் ஊதினாலும் காற்று போகவில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிதாக ஒன்று வாங்கிவந்தேன். ஒரு தேநீர்ச் செலவைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். குழாயையும் கழற்றி உள்ளே படிந்திருந்த கரியை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன்.

இனி டேப்பெட் கவர். இங்கே என் தவறையும் சொல்லியாக வேண்டும். முன்பு ஒழுகல் நிற்க வேண்டும் என்ற ஆத்திரத்தில் நட்டை முறுக்கியதில் கவர் நடுவில் குழிந்து, ஓரங்கள் தூக்கிக்கொண்டுவிட்டன. சமமான கண்ணாடியின் மேல் எமரித் தாளை விரித்து, கவரை எட்டு போடுவதுபோல் தேய்த்தால், எந்த இடம் பளபளக்கிறது, எது மங்கலாகவே இருக்கிறது என்பதில் அந்தக் குழிவு தெரிந்துவிடும். முக்கால் மணி நேரம் தேய்த்த பிறகுதான் சுற்றுவிளிம்பு முழுவதும் ஒரே நிறத்துக்கு வந்தது. பிறகு கார்க் பேக்கிங்கின் இரு பக்கமும் கிரீஸை மெல்லிசாகத் தடவி வைத்து, நட்டை விரலால் முடிந்தவரை திருகி, அதற்கு மேல் ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுத்தேன். பசை போடவில்லை. கவர் திறந்திருக்கும்போதே, குளிர்ந்த எஞ்சினில் புஷ்ராடுகள் (வால்வுகளை இயக்கும் தள்ளுகம்பிகள்) மேலும் கீழும் ஆடாமல் விரலால் சுழலும் அளவில் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். அதற்காக இன்னொரு முறை கழற்ற வேண்டாம்.

ஆயில் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல நாள் நின்ற புல்லட்டில், தொட்டிப் பகுதியில் இருக்கும் ஆயில் பம்பின் வழியாக மெல்லக் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். அப்போது ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்துவிட்டுக் குறைகிறதே என்று ஊற்றினால் அளவு மீறிவிடும், மீந்தது பிரீதர் வழியாகக் கொட்டும், அதையும் நாம் ஒழுகல் என்போம். சில நிமிடங்கள் எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் தொட்டிக்குத் திரும்பிய பிறகே அளந்து பார்க்க வேண்டும்.

இப்போது மாலை ஆறரை மணி. எண்ணூர் வரை போய்த் திரும்பியாயிற்று. டேப்பெட் கவரின் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டுகிறேன். துணியில் பவுடர்தான் வருகிறது. பிரீதர் குழாயின் முனையில் விரலை வைத்தால் ‘பொத் பொத்’ என்று காற்று அடிக்கிறது.

அந்தச் சின்னக் கறை மிச்சம் இருக்கிறது. விரலில் தொட்டு முகர்ந்தால் கந்தக வாடை வருகிறது, பிசுபிசுப்பும் அதிகம். அது எஞ்சின் ஆயில் அல்ல. கியர் பெட்டியில் ஊற்றிய 90 நம்பர் ஆயில், செயின் ஓடும் பற்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் உள்ள சீல் வழியாக வருகிறது. புல்லட்டில் அந்த ஸ்ப்ராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், இடப்பக்க மூடியான பிரைமரி கவரில் தொடங்கிக் கிளட்ச் வரை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அது ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதுவரை செய்தித்தாள் இங்கேயே கிடக்கட்டும்.