குண்டை விழுங்கிய சிப்பிச் சுவர்

வணக்கம் மக்களே! நான் இப்போது ஃப்ளோரிடாவில், செயின்ட் அகஸ்டின் ஊரில் நிற்கிறேன். பின்னால் தெரிவதுதான் காஸ்டியோ டி சான் மார்கோஸ், ஸ்பெயின்காரர்கள் 1672-ல் ஆரம்பித்து 1695-ல் முடித்த கோட்டை. இதுவரை எந்தப் படையும் சண்டை போட்டு இதைப் பிடித்ததில்லை. அதற்குப் பெரிய காரணம் இந்தக் கல்தான், அதனால் முதலில் கல்லைக் காட்டிவிடுகிறேன்.

கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், பாருங்கள். முழுக்க முழுக்கச் சிப்பி! சின்னச் சின்னச் சிப்பி ஓடுகள் ஆயிரக்கணக்கான வருஷமாகக் கடற்கரையில் குவிந்து, ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய பாறை. இதற்குக் கோக்கினா என்று பெயர். தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே, அந்த அனஸ்தேசியா தீவில் வெட்டி, மாட்டு வண்டியில் இழுத்து, படகில் ஏற்றி இந்தக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வெட்டும்போது ஈரமாக, மெத்தென்று இருக்குமாம், காயப்போட்டால்தான் இறுகும். கற்களை ஒட்டவைத்த சுண்ணாம்பும் சிப்பியைச் சுட்டு எடுத்ததுதான்.

ஏன் இவ்வளவு பாடு? அதற்கு முன்னால் இங்கே ஒன்பது மரக்கோட்டைகள் இருந்தன, ஒன்றும் நிலைக்கவில்லை. 1668-ல் ராபர்ட் சியர்ல் என்ற கடற்கொள்ளைக்காரன் வந்து ஊரைச் சூறையாடினான், 1670-ல் ஆங்கிலேயர்கள் வடக்கே சார்ல்ஸ்டனில் குடியேறினார்கள். இனி மரம் போதாது என்று ஸ்பெயின் அரசிக்கு அப்போதுதான் உறைத்தது. அப்போது ஸ்பெயின் கையிலிருந்த மெக்சிகோவிலிருந்து பணம் வந்தது. வேலை செய்தது யார்? குவாலே, டிமுகுவா, அப்பலாச்சி என்ற இந்த மண்ணின் மக்கள், மக்காச்சோளமும் நாளுக்கு ஒரு ரியால் (ஸ்பெயின் வெள்ளிக்காசு) கூலியும் வாங்கிக்கொண்டு. கூடவே கைதிகளும் கறுப்பின அடிமைகளும். வரைபடம் போட்ட இக்னாசியோ டாசாவின் பெயர் நமக்குத் தெரிகிறது, கல் சுமந்தவர்களில் ஒருவர் பெயராவது இங்கே கண்ணில் படுமா என்று தேடினேன், படவில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

சரி, சண்டைக்கு வருவோம். 1702-ல் ஆங்கிலேயக் குடியேற்றமான கரோலினாவின் ஆளுநர் ஜேம்ஸ் மூர் படையோடு வந்து ஊரைப் பிடித்துவிட்டார். ஊர் மக்களும் சிப்பாய்களுமாகச் சுமார் 1,500 பேர் கோட்டைக்குள் புகுந்து, ஏறத்தாழ இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார்கள், இந்த முற்றத்துக்குள்ளேயே! மூர் அடித்த குண்டுகள் சுவரை உடைக்கவில்லை. கருங்கல்லாக இருந்தால் விரிசல் விட்டுச் சிதறியிருக்கும், கோக்கினாவுக்குள் நிறையச் சின்னச் சின்ன இடைவெளிகள் இருப்பதால் குண்டு படும் இடம் மட்டும் நசுங்கி, அதன் வேகத்தைக் குடித்துவிடுகிறது. குண்டு உள்ளே பதிந்து அப்படியே நின்றுவிடும். கடைசியில் கியூபாவின் ஹவானாவிலிருந்து ஸ்பெயின் கப்பல்கள் வந்ததும், மூர் ஊரைக் கொளுத்திவிட்டு, தன் கப்பல்களையும் எரித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

1740-ல் ஜார்ஜியா என்ற ஆங்கிலேயக் குடியேற்றத்திலிருந்து அதன் தலைவர் ஜேம்ஸ் ஓகிள்தார்ப் வந்து, 27 நாள் குண்டு மழை பொழிந்தார். அப்போதும் சுவர் நின்றது. ஆனால் அந்த முற்றுகையை முறித்ததில் மோசே கோட்டைச் சண்டைக்குப் பெரிய பங்கு உண்டு, இதைப் பலர் சொல்வதே இல்லை. இங்கிருந்து வடக்கே இரண்டு மைல். ஆங்கிலேயப் பண்ணைகளிலிருந்து தப்பி வந்து, கத்தோலிக்கராகிச் சுதந்திரம் பெற்ற கறுப்பின மக்களுக்காக 1738-ல் உருவான ஊர் அது. ஆங்கிலேயர்கள் அதைப் பிடித்துவைத்திருந்தார்கள், பிரான்சிஸ்கோ மெனெண்டெஸ் தலைமையிலான அந்த ஊர்ப் படையும் ஸ்பெயின் சிப்பாய்களும் சேர்ந்து ஜூன் மாதம் ஒரு விடியற்காலையில் பாய்ந்து மீட்டுவிட்டார்கள்.

அப்புறம் கோட்டை கைமாறியதெல்லாம் காகிதத்தில்தான்: 1763-ல் ஒப்பந்தப்படி பிரிட்டனுக்கு, பிறகு திரும்ப ஸ்பெயினுக்கு, 1821-ல் அமெரிக்காவுக்கு. அமெரிக்கா இதைச் சிறையாக்கியது. 1837-ல் வெள்ளைக்கொடியின் கீழ் பேச வந்த, செமினோல் என்ற பழங்குடியின் தலைவர் ஓசியோலாவைப் பிடித்து இங்கேதான் அடைத்தார்கள். 1875-ல் செயன், கியோவா என்ற பழங்குடி மக்களைச் சங்கிலியில் கொண்டுவந்தார்கள். கணக்கு நோட்டுத் தாள்களில் அவர்கள் தங்கள் வேட்டையையும் குதிரைகளையும் வரைந்தார்கள், அந்தப் படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

இங்கே வருகிறவர்கள் தயவுசெய்து சுவரைச் சுரண்டாதீர்கள், மேலே ஏறாதீர்கள், கைபட்டாலே உதிர்கிற கல் இது. மோசேக்கும் போய்விட்டு வாருங்கள். பழைய கட்டடம் எதுவும் மிஞ்சவில்லை, அது நின்ற இடம் சதுப்பு நிலம்தான், ஆனாலும் போங்கள். நான் இப்போது அங்கேதான் கிளம்புகிறேன், அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.