‘தௌ’ போனது இழப்பே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

‘நீ’ என்று பொருள்படும் ‘தௌ’ என்ற பழைய முன்னிலைச் சொல்லைக் கைவிட்டது ஆங்கிலத்துக்கு ஆதாயமா, இழப்பா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், நாம் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகளைக் கட்டிவைத்துக்கொண்டு, புதிதாக வந்தவரை எந்தப் படியில் நிறுத்துவது என்று தெரியாமல் தவிக்கிறோம் என்றார். ஆங்கிலேயரோ அரசரையும் பால்காரரையும் ஒரே ‘யூ’வால் அழைத்துச் சமத்துவம் கண்டுவிட்டார்கள் என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கினார். நானும் கைதட்டினேன், பேச்சு அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால், இங்கிலாந்து அரசரிடம் பேசத் தொடங்குகிறவர் முதலில் ‘மாட்சிமை தங்கியவரே’ என்றுதான் சொல்ல வேண்டும், பால்காரருக்கு அந்த மாட்சிமை கிடையாது என்பதை நண்பர் சொல்ல மறந்துவிட்டார். முன்னிலைச் சொல்லிலிருந்து விரட்டப்பட்ட ஏற்றத்தாழ்வு பட்டப்பெயர்களுக்குள் போய்க் குடியேறிக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்தச் சொல் எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் ஒருவரைக் குறிக்க ‘தூ’, பலரைக் குறிக்க ‘யே’, இருவருக்கென்றே தனியாக ‘யித்’ என்ற சொற்கள் இருந்தன. ‘தூ’ என்றால் தமிழ்க் காதுக்குத் துப்புவதுபோல் கேட்கும். அவர்கள் யார்மீதும் துப்பவில்லை. அந்தச் சொல்லில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. எதிரே நிற்பவர் ஒருவர் என்ற கணக்கு மட்டுமே இருந்தது. 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அரசவையின் மொழி பிரெஞ்சாயிற்று. பெரிய மனிதர் ஒருவராகவே இருந்தாலும் அவரைப் பன்மையில் அழைக்கும் பிரெஞ்சு வழக்கம், 13ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்துக்குள்ளும் படிந்தது. பின்னாளில் ‘யூ’ என்றான அந்தப் பன்மைச் சொல் மேலே ஏற ஏற, ‘தௌ’ என்று ஒலி மாறிய பழைய ‘தூ’, வேலைக்காரருக்கும் குழந்தைகளுக்கும் காதலிக்கும் கடவுளுக்கும் உரியதாக ஒதுங்கியது. இழிவும் நெருக்கமும் ஒரே சொல்லில் குடித்தனம் நடத்தின; எது என்பதைக் குரல்தான் சொல்லும். அம்மாவையும் ‘நீ’ என்று சொல்லி, தெருச்சண்டையில் எதிராளியையும் ‘நீ’ என்று சொல்லும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தச் சொல் எவ்வளவு கூர்மையான கத்தியாக இருந்தது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1603 நவம்பர் மாதம், வின்செஸ்டர் நகரம். முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு எதிராகச் சதி செய்ததாக சர் வால்ட்டர் ராலி குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். எலிசபெத் அரசியின் அன்புக்கு உரியவராக இருந்தவர், கடலோடி, கவிஞர். ஆகவே யாரும் அவரை ‘யூ’ என்றுதான் அழைக்க வேண்டும். அரசுத் தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், ராலியை விரியன் பாம்பே என்று வைதுவிட்டு, ‘உன்னை நான் தௌ என்றே சொல்கிறேன், துரோகியே’ என்றார். கவனியுங்கள்: பாம்பு என்றதோடு அவருக்கு மனம் ஆறவில்லை. ‘தௌ’ என்ற சொல்லையே வினையாக்கி, ‘உன்னைத் தௌ போடுகிறேன்’ என்று அறிவித்த பிறகுதான் அவமானம் முழுமையானது. அக்காலத்தில் ஷேக்ஸ்பியர் எழுதிய ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்திலும், சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதுபவனுக்கு, எதிராளியை மூன்று முறை ‘தௌ’ போட்டால் தவறில்லை என்று ஒருவன் யோசனை சொல்கிறான்.

இப்படிப்பட்ட சொல் ஒழிந்தது நல்லதுதானே என்று எதிரணி கேட்கும். அது ஒழிந்த விதத்தைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர் வழிவந்த குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர், ஏழை பணக்காரர் என்று பாராமல் ஒருவரை ஒருமையில்தான் அழைப்போம் என்று உறுதி பூண்டார்கள். நீதிபதியும் ‘தௌ’, நிலக்கிழாரும் ‘தௌ’. ஒருமையை ஒருமை என்றும் பன்மையைப் பன்மை என்றும் சொல்வதே சரி என்று நிறுவ, பல மொழிகளிலிருந்து சான்று திரட்டி 1660இல் ஒரு பெரிய நூலையே வெளியிட்டார்கள். கிடைத்த பரிசு உதை. தாமஸ் எல்வுட் என்ற இளைஞர் தம் தந்தையிடம் ‘தௌ’ என்று பேசப்போக, இன்னொரு முறை அப்படிச் சொன்னால் பல்லைத் தொண்டைக்குள் இறக்கிவிடுவேன் என்று தந்தை மிரட்டியதை அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆக, சமத்துவம் வேண்டும் என்றவர்கள் கையில் எடுத்தது ‘தௌ’வைத்தான். எதிரணி புகழ்கிற ‘யூ’, எங்கே மரியாதை குறைந்துவிடுமோ, எங்கே நம்மையும் குவேக்கர் என்று நினைத்துவிடுவார்களோ என்று அஞ்சியவர்கள் பதுங்கிய இடம்.

பதுங்கிய இடத்தில் வசதியும் இல்லை. ஒருவரா பலரா என்று தெரியாமல் போனதும், 18ஆம் நூற்றாண்டில் பலர் ‘யூ வாஸ்’ என்று ஒருமை வினை சேர்த்துப் பேசிப் பார்த்தார்கள். ராபர்ட் லோத் என்ற இலக்கணக்காரர் 1762இல் வெளியிட்ட நூலில் அதைப் பெரும் பிழை என்று கண்டித்தார். அதன்பின் அமெரிக்கத் தென்பகுதியில் ‘யால்’, அயர்லாந்தில் ‘யூஸ்’, பிட்ஸ்பர்க்கில் ‘யின்ஸ்’ என்று ஊருக்கு ஊர் ஒட்டுப்போட்டார்கள். வீட்டில் இருந்த பாத்திரத்தை வீசிவிட்டுத் தெருத்தெருவாகக் கடன் கேட்ட கதைதான். இங்கிலாந்தின் யார்க்‌ஷர் போன்ற சில பகுதிகளின் கிராமத்தார் மட்டும் தம் பங்கு ‘தௌ’வை நெடுங்காலம் விடாமல் பேசிவந்தார்கள்.

கடைசியாக ஒன்று. இன்று ஆங்கிலேயரிடம் கேட்டால், ‘தௌ’ கடவுளுக்கு மட்டுமே உரிய உயர்ந்த சொல் என்று நினைப்பவர்கள் பலர். 1611ஆம் ஆண்டின் விவிலிய மொழிபெயர்ப்பில் இயேசு சாத்தானை விரட்டுவதும் இதே ஒருமையில்தான் என்பது அவர்களுக்கு நினைவில்லை. கோக் வசையாகச் சொன்னது அவர்களுக்கு வழிபாடாகிவிட்டது. அதே விவிலியத்தில், லூக்கா 22ஆம் அதிகாரத்தில், இயேசு தம் சீடர் சீமோனிடம் பேசுகிறார். சாத்தான் கோதுமையைப் புடைப்பதுபோல் புடைக்கக் கேட்டது ‘யூ’வை, அதாவது சீடர்கள் அனைவரையும். அடுத்த வரியில், நான் வேண்டிக்கொண்டது ‘தீ’க்காக, அதாவது உனக்காக மட்டும் என்கிறார். ‘தீ’ என்பது ‘தௌ’வின் வேற்றுமை உருவம். கூட்டத்திலிருந்து ஒருவனைத் தனியே பிரித்துத் தோளில் கைவைக்கும் அந்த அசைவு முழுவதும் அந்த ஒற்றைச் சொல் வேறுபாட்டில் இருக்கிறது. தமிழ் விவிலியத்தில் ‘உங்களை’, ‘உனக்காக’ என்று அது அப்படியே நிற்கிறது. இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றிலோ, ‘உங்கள் எல்லாரையும்’ என்று ஒரு சொல்லைக் கூட்டி, அடுத்த வரியில் சீமோன் என்ற பெயரை மறுபடி எழுதித்தான் அதைக் காட்ட முடிகிறது.

எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பர், எந்த ஒட்டும் போடாமல், வெறும் ‘யூ’வை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இரண்டு வரிகளையும் ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டட்டும். நான் உட்கார்ந்து கேட்கிறேன், நடுவர் அவர்களே. நன்றி.